சாமி வண்டிக்கு டூட்டி கிடையாது

போன மாதம் சென்னை விமான நிலையத்தில் எங்களை வெகுநேரம் உட்கார வைத்துவிட்டார்கள். விமானம் நிற்கிறது, பயணிகள் இருக்கிறோம், பைலட் மட்டும் இல்லை. அவருடைய டூட்டி நேரம் முடிந்துவிட்டதாம், வேறு ஆள் வரவேண்டுமாம். ஆளாளுக்குக் கவுண்டரில் போய்ச் சத்தம் போட ஆரம்பித்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் குறைந்தா போய்விடுவார் என்று என் பக்கத்தில் ஒருவர் கேட்டார். நல்லா படித்த மனுஷர்தான். யோவ், போறது உன் உயிர்தானய்யா என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அறுபதுகளிலேயே இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வரும் ஒரு தனியார் வண்டி. அதே வண்டியில் என் தம்பி கண்டக்டர். டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, வாரம் ஒரு நாள் கட்டாயம் லீவு என்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம் அது. அப்பாடா, இனிமேல் மனுஷன் வீட்டில் தூங்குவார் என்று நானும் நம்பினேன். என்னைச் சொல்லணும்.

முதலாளி சட்டத்தை மீறவே இல்லை. வழக்கமான ட்ரிப்பில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் ஓட்டச் சொல்ல மாட்டார். ஆனால் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ் டூட்டியில் சேராது என்று சொல்லிவிட்டார். அது சாமி காரியமாம், புண்ணியமாம், அதற்குப் போய் யாராவது மணி பார்ப்பார்களா என்று கேட்டார். எங்கள் தென்னார்க்காடு ஜில்லாவில் சாமி இல்லாத மாசம் எது? தை வந்தால் வடலூர் பூசம், மாசி வந்தால் தேவனாம்பட்டினத்தில் மகம், ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரத்தில் தரிசனம், நடுவில் ஊருக்கு ஊர் தீமிதி. வருஷம் முழுக்கப் புண்ணியம்தான். தூக்கம்தான் இல்லை.

முதலாளியைக்கூட விட்டுவிடலாம், அவருக்குப் பிழைப்பு. என் வீட்டுக்காரரை என்ன செய்வது? அவரும் அதையே திருப்பிச் சொன்னார். "சாமி வண்டிக்கு டூட்டி கிடையாது"னு சொல்லிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வண்டியை ஓட்டினால் அலுப்பே தெரியாதாம். தெரியாமலா சோற்றில் கை வைத்தபடியே தூங்கினார்? உலுக்கி எழுப்பினால், கண்ணை மூடிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன் என்பார்.

அந்த வருஷம் ஆனித் திருமஞ்சனம். முதல் நாள் தேர். தேர்க்கூட்டத்துக்காக நாளெல்லாம் ஓட்டிவிட்டு, வந்து படுத்தாரோ இல்லையோ, விடிந்ததும் என் தம்பி வாசலில் வந்து நிற்கிறான். காடாம்புலியூரிலிருந்து ஒரு ஊரே தரிசனத்துக்குப் போகிறது, மாமாதான் வரணும்னு முதலாளி சொல்லிவிட்டார் என்றான். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. முடியாது என்று சொல்லுங்கள் என்றேன். சாமி விஷயத்தில் வாய் வைக்காதே என்று என்னையே அதட்டினார். சரி, நானும் வருகிறேன் என்று புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். நடராஜரைப் பார்க்க இல்லை, இந்த ஆளைப் பார்த்துக்கொள்ள.

காடாம்புலியூரில் வண்டி நிரம்பி வழிந்தது. முந்திரிக்கொல்லைக் குடும்பங்கள், சாமிக்கென்று பலாப்பழங்கள், மடியில் பிள்ளைகள். நான் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டேன். வடலூர் வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். வீட்டுக் கூரையைப் பற்றி, அவர் தங்கச்சியைப் பற்றி, கோபம் வரட்டும் என்றே அவர் அம்மாவைப் பற்றிக்கூட. எல்லாவற்றுக்கும் "உம்" போட்டார். சேத்தியாத்தோப்பைத் தாண்டியதும் அந்த "உம்"மும் நின்றுவிட்டது.

புவனகிரியைத் தாண்டினால் வெள்ளாற்றுப் பாலம். பாலம் ஏறுவதற்கு முன்னால் ரோட்டோரம் பெரிய புளியமரங்கள். வண்டி நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், ஒரு மரத்தைப் பார்த்துப் போகிறது. கண்ணாடியில் பார்த்தால் இவர் தாடை நெஞ்சில் கிடக்கிறது. சீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புக் கம்பிக்கு மேலே கையை விட்டு அவர் காக்கிச் சட்டைக் காலரைப் பிடித்து ஓங்கி இழுத்தேன். பிரேக்கை மிதித்தார். வண்டி ரோட்டை விட்டுக் கீழே இறங்கி, குலுங்கி, எஞ்சின் அணைந்து நின்றது. பலாப்பழங்கள் உருண்டன. பிள்ளைகள் வீறிட்டன.

கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார் என் வீட்டுக்காரர்.

தூசியாம்! அந்தப் பழைய வண்டியில் எஞ்சின் நின்றால் முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் சொருகிச் சுற்றித்தான் கிளப்பவேண்டும். தம்பி ஹேண்டிலோடு இறங்கினான். நானும் இறங்கி, அதை அவன் கையிலிருந்து பிடுங்கி, மரத்தடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் படுத்துத் தூங்கி எழுந்தால்தான் தருவேன் என்றேன்.

வண்டியே இறங்கி வந்து என்னைச் சூழ்ந்துகொண்டது. உச்சிப் பொழுதுக்குள் தரிசனம், தப்பினால் மார்கழிதான், சாமியைப் பார்க்கவிடாமல் தடுக்கிற நீ நல்லா இருப்பியா என்று ஒரு அம்மாள் இடுப்பில் பிள்ளையோடு நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். அந்தப் பிள்ளைக்காகவும்தானே தாயே நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன், காதில் வாங்கவில்லை. சாமி வண்டி, சாமி பார்த்துக்கொள்ளும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். போதாக்குறைக்கு என் வீட்டுக்காரரும் அவர்கள் கட்சி. நாலு பேருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய், வீட்டுக்கு வா பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, முறைத்துக்கொண்டு அடுத்த மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். முறைப்புக்கும் குறட்டைக்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை.

கொஞ்ச நேரத்தில், குடும்பத்தோடு தரிசனத்துக்குப் போய்க்கொண்டிருந்த முதலாளியின் கார் வந்து நின்றது. பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"ஏம்மா, இது சாமி வண்டி. இதுக்குப் போயி டூட்டி, ரெஸ்ட்டுனு பேசலாமா?"

எங்கிருந்து வந்ததோ எனக்கு, வாயில் வந்துவிட்டது. "சாமிக்கே மத்தியானமானா நடை சாத்துறாங்க, மொதலாளி. ராத்திரியானா பள்ளியறையில கொண்டுபோயி படுக்க வெக்கிறாங்க. அவருக்கு மட்டும் டூட்டி முடியுது, அவரு வண்டி ஓட்டுறவருக்கு முடியக்கூடாதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. நேராகப் போய் இவர் தோளைத் தட்டினார். இவர் அலறிப் புடைத்து எழுந்து, வேட்டி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கை கட்டி நின்றார்.

"இதோ கெளம்பிட்டேன் மொதலாளி. சேத்தியாத்தோப்பு வரைக்கும் ஒரே மூச்சா போயிடுறேன். அங்க எறங்கி ஒரு சோடா குடிச்சா எல்லாம் சரியாயிடும்."

பாலம் எதிரிலேயே இருக்கிறது. சேத்தியாத்தோப்பு எங்களுக்குப் பின்னால், எப்போதோ போய்விட்டது. என் தம்பிதான் மெதுவாகச் சொன்னான். "மாமா, சேத்தியாத்தோப்புல எறங்கி சோடா குடிச்சிட்டுத்தான மாமா வந்தோம். கடைக்காரர்கிட்ட தேரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்களே."

என் வீட்டுக்காரர் பாலத்தைப் பார்த்தார், மரத்துக்கு நேராக மூக்கை நீட்டிக்கொண்டு நின்ற வண்டியைப் பார்த்தார். என்னைச் சபித்த அம்மாள் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

"அப்ப அங்கேருந்து இவ்வளவு தூரம் வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தது யாரு?" என்று இவர் என்னிடம்தான் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், முதலாளி சிதம்பரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் சொல்லலியா? சாமிதான்யா ஓட்டுனாரு. ஏறி உக்காரு, நேரமாவுது."

என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையைக் கழற்றிச் சுருட்டினார்.

"அப்ப மிச்சத்தையும் அவரே ஓட்டட்டும், மொதலாளி" என்று சொல்லிவிட்டு, சட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு என் காலடியில் படுத்தார்.