நனையாத துணி

தையல் ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்த ஆயாவுக்குத் தாய்மார்கள் வைத்த பட்டப்பெயர் ‘கைரேகைக்காரி’. காலையில் வாசலிலேயே ஒவ்வொரு குழந்தையின் உள்ளங்கையையும் பாதத்தையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். “என் பிள்ளைக்கு ராஜயோகம் இருக்கா?” என்று கேலி செய்வார்கள். சிரித்து மழுப்பிவிடுவாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எட்டு மாதக் குழந்தை ஒன்று வந்திருந்தது. லேசான காய்ச்சல், ஓயாத எச்சில். பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பல் முளைக்கிறது என்று நினைத்துவிட்டாள். மதியம்வரை இடுப்புத்துணி நனையவே இல்லை. ‘அப்பாடா, துவைக்க ஒரு துணி மிச்சம்’ என்று சந்தோஷம்கூடப் பட்டாள். சாயங்காலம் அது அழுதபோது கண்ணில் சொட்டு நீரில்லை. வாயெல்லாம் புண், உள்ளங்கையில் கொப்புளங்கள்.

உடம்பில் நீர் வற்றிப்போன குழந்தை, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து பிழைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை. அந்த ‘அப்பாடா’ மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. குழாயடியில் துணி அலசும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, காதோரம் கேட்கும், அவள் குரலிலேயே.

போன மாதம், ஆலையில் பொத்தான் துளைக்குக் காஜா தைக்கும் பெண் தன் பத்து மாத மகளோடு வந்தாள். பாதத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

“கொசுக்கடிக்கா. இன்னைக்கு லீவு கேட்டா சூப்பர்வைசர் என்னைக் கடிச்சுத் தின்னுடுவார்.”

ஆயா குழந்தையின் உதட்டை மெல்ல விலக்கினாள். நாக்கோரம் புண். “கொசு வாய்க்குள்ள போயுமா கடிச்சுது?”

அந்தப் பெண் பதறி மகளின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

“பயப்படாதே, இது கை, கால், வாயில கொப்புளம் வர்ற தொத்துநோய். பெரும்பாலும் பத்து நாள்ல தானா ஆறிடும். டாக்டர்கிட்ட காட்டு, ஆறுற வரைக்கும் வீட்டுலயே வெச்சுக்கோ. தாய்ப்பாலை நிறுத்தாதே, குடிக்கலேன்னா ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா கொடு. காய்ச்சல் மருந்து அவர் சொல்ற அளவுதான். கொப்புளத்தைக் கிள்ளாதே. துணி மாத்தினா சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. ஆறு மணி நேரம் ஒண்ணுக்குப் போகலேன்னாலோ, துவண்டு கிடந்தாலோ, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடிடு.”

அன்றே பொம்மைகளையும் பாயையும் கழுவிக் காயப்போட்டாள். அப்படியும் இன்னொரு குழந்தைக்குத் தொற்றியது.

பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண் வந்தாள். மகள் முகம் தெளிந்திருந்தது. “ரெண்டு புள்ளியைப் பார்த்து எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

யாரிடமும் சொல்லாததை ஆயா அன்று சொன்னாள், ‘அப்பாடா’ உட்பட.

ஆலை மணி அடித்தது. அந்தப் பெண் மகளை இறுக்கி அணைத்தபடி ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு குழந்தையை ஆயாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.