பூட்ஸில் பூத்த வெள்ளை

ஏரிகூட உறைந்து கிடக்கும் ஜனவரியில் கடல்கடந்த அந்த வடகோடி நகரத்துக்கு எவனும் ஆசைப்பட்டுப் போகமாட்டான். என்னை அனுப்பினார்கள். ஆம்பூரில் எங்கள் கம்பெனி தைத்து அனுப்பிய பூட்ஸில் வெள்ளை வெள்ளையாகக் கறை பூக்கிறது என்று அங்கிருந்து புகார். தரம் பார்ப்பவன் நான். பழியும் என் தலையில்தான்.

இரண்டு விமானம் மாறி, தூக்கமில்லாமல், இரவல் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டே புகார் சொன்ன கடைக்குப் போனேன். திரும்பி வந்த பூட்ஸ்களை வரிசையாக வைத்திருந்தார்கள். தோல் வேலைக்காரன் புத்தி, கறையை விரலால் வழித்து நாக்கில் வைத்துவிட்டேன். கடைக்காரப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு வெட்கப்படக்கூடத் தெம்பில்லை. அது உப்பு.

வெளியே வந்தால், பனி உருகுவதற்காக ஒரு லாரி தெருவெல்லாம் உப்பை இறைத்துக்கொண்டு போகிறது. மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"உப்பு சார்."

"இன்னாய்யா சொல்ற? தோல சரியா கழுவாம வுட்டுட்டாங்களா?"

"நம்மளுது இல்ல சார். இங்க ரோட்ல கொட்றாங்க. அதுலயே நடக்குறாங்க."

பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுவதும், பிறகு அதைக் கழுவிக் கழுவி மண்ணில் விடுவதும்தான் எங்கள் பக்கத்துப் பிழைப்பு. இவர்கள் அதை மறுபடியும் தோலில் ஏற்றுகிறார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, பல் தேய்த்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். நாக்கில் அதே கரிப்பு. இத்தனை வருஷத்தில், இது எங்கிருந்து வருகிறதென்று பார்த்துவிட்டு வரச்சொல்லி எங்கள் தெருவுக்கு யாரும் ஓர் ஆளை அனுப்பியதில்லை.