புளியமர நிழலின் நிறம்

திருப்பதியில் லாட்ஜ்களுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் படித்தவனெல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனான். நான் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கக் கனடா போனேன். இம்ப்ரெஷனிஸ ஓவியம் கற்றது அங்கேதான். கோடு கிடையாது, கறுப்பு கிடையாது. கண்ணில் பட்ட வெளிச்சத்தைத் திட்டுத்திட்டாக வைக்க வேண்டும். பனியின் மேல் மரநிழல் நீலமாக விழும். அதை நன்றாகவே வரைந்தேன். வாங்கவும் ஆட்கள் வந்தார்கள்.

எனக்கு வேண்டியது அதுவல்ல. எங்கள் ஊரான வெதுருகுப்பம் பக்கத்தில், எங்கள் வீட்டார் கூலிக்குக் களை எடுத்த கொல்லையோரம் ஒரு புளியமரம் உண்டு. மத்தியானக் கூழை அதன் கீழேதான் குடிப்போம். அதை வரைந்தேன். மரம் வந்தது, செம்மண் வந்தது, நிழல் மட்டும் நீலமாகவே வந்தது. கனடா நிழல். எத்தனை முறை வரைந்தாலும் அதே கதி. எல்லாவற்றையும் கிழித்தேன். நேரில் போய்ப் பார்க்கலாமென்றால் குடியிருப்புக் காகிதம் இன்னும் வரவில்லை. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நம்ம புளியமரத்து நிழலு இன்னா கலரு?"

"நிழலுக்கு இன்னாடா கலரு? குடிச்சிக்கினு கீறியா?"

"நெஜமாத்தான் கேக்கறேன்."

"இங்க போர்ல தண்ணி இல்லாம சாவறோம், இவுருக்கு நிழலு கலரு வோணுமாம்!" என்று மாமாவிடம் சொன்னாள். மாமா சிரித்தது கேட்டது. ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவளே மிஸ்டு கால் கொடுத்தாள். கூப்பிட்டேன்.

"போயி பாத்தேன்டா. கறுப்பு இல்ல. நடுவுல நனைஞ்ச செங்கல்லு மாதிரி கீது. ஓரத்துல கேவுரு மாவு கலரு. போதுமா?"

"எவ்ளோ நேரம் பாத்த?"

"சோத்து வேள முழுக்க. கூட களை எடுக்க வந்தவளுங்க எனக்குப் பேய் புடிச்சிக்கிச்சின்னாளுங்க."

அவள் சொன்னபடியே செங்கல்லும் கேழ்வரகுமாக வண்ணம் கலந்தேன். நிழல் வந்துவிட்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அத்தனை வருஷம் அதில் உட்கார்ந்தவன், ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை. கூழைத்தான் பார்த்தேன்.

சரியாக வந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன்.



"அப்போ இனிமே நீ வரமாட்டியா?" என்றாள்.

காகிதக் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.