சேதியைக் கவ்விய புரதம்

சியூ லானின் அப்பா பன்றி வளர்த்தவர். பன்றிகளிடமிருந்து தொற்றிய நிபா வைரஸ் காய்ச்சலில் இறந்துபோனார். மகள் கோலாலம்பூர் ஆய்வகத்தில் அதே வைரஸின் புரதத்தை மனித உடம்பின் புரதம் ஒன்றோடு சேர்த்து, உருவம் காண்பதற்காகப் படிகமாக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டாள். கடைசியில் ஒரே ஒரு படிகம் தேறியது. அதை நுண்ணிய வளையத்தால் அள்ள அவள் நுண்ணோக்கியில் குனிந்தாள்.

“அக்கா, நான் எடுக்கட்டுமா?” என்றான் கூட வேலை பார்க்கும் அஸ்ருல்.

“கிட்ட வராதே! மேசை ஆடினாலே போச்சு.”

படிகம் உடையாமல் வளையத்தில் ஏறியது.

எக்ஸ் கதிர் பாய்ச்சிக் கண்டறிந்த உருவம் சில வாரங்களில் திரையில் தெரிந்தது. உடம்புக்கு ஆபத்து என்று சேதி சொல்லும் புரதத்தை வைரஸின் புரதம் இடுக்கிபோலக் கவ்வியிருந்தது.

“சத்தம் போடவே விடலையேக்கா!” என்றான் அஸ்ருல்.

“அதான் அப்பா உடம்புக்குத் தெரியாமலே போயிருக்கு,” என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த இடத்தைப் பெருசாக்கு. எந்த மருந்தை நுழைச்சா பிடியை விடும்னு பார்ப்போம்.”