சீனத்து விருந்தாளி

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சீனாவுக்குப் போனதே இல்லை. ஆனால் சீனாவைப் பற்றி யாராவது குறைவாகப் பேசிவிட்டால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். யாழ்ப்பாணத்தில் வாலிபனாக இருந்தபோது பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். கோவில் கதவை எல்லாச் சாதியாருக்கும் திறக்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் முன்னால் நின்று மண்டை உடைபட்டவர். அதோடு படிப்பும் போயிற்று. எண்பதுகளின் நடுவில் எங்களோடு ஷார்ஜாவில் தங்கி, ஜெபல் அலியில் ஒரு கம்பனியின் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரட்சி கடைசியில் கிடங்குக்குள் வந்து சேர்ந்துவிட்டதே என்று அப்பா சீண்டுவார். மாமா மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்தக் கம்பனிக்குச் சீனாவிலிருந்து தேர்மஸ் போத்தல்கள் வந்தன. அவற்றின் பின்னால் ஒரு சீன அதிகாரியும் வந்தார். மாமா தன் வாழ்நாளில் நேரில் கண்ட முதல் சீனர் அவர்தான். அதன் பிறகு மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரை அழைத்தும்விட்டார்.

அம்மா சமையலறையிலிருந்து அகப்பையோடு வந்துவிட்டாள்.

"சாப்பாடு குடு தம்பி, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா அரசியல் மட்டும் கதைக்காதை. ஆருக்கும் கேட்டா விசாவை வெட்டிப்போட்டு எல்லாரையும் பிளேன் ஏத்திவிடுவாங்கள்."

"அவர் தோழர், அக்கா" என்றார் மாமா, அதுவே போதும் என்பது போல.

ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். திரும்பிப் போக எங்களுக்கு இடமில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சீனர்கள் நூடில்ஸ் சாப்பிடுகிறவர்கள், ஆகவே இடியப்பம் பிடிக்கும் என்று முடிவுசெய்து அம்மா விடியவே மாக் குழைக்கத் தொடங்கினாள். மாமா தன் சூட்கேசின் அடியிலிருந்து, சீனத் தலைவரின் முகம் பதித்த ஒரு சிவப்புப் பட்ஜை எடுத்து என் சட்டையில் குத்திவிட்டார். விருந்தாளி வந்ததும் கை முஷ்டியை மடக்கி உயர்த்த வேண்டும் என்று பழக்கினார். எனக்கு எட்டு வயது. கண்ணாடி முன்னால் நின்று உயர்த்தி உயர்த்திப் பார்த்தேன்.

விருந்தாளி சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். என் முஷ்டியையும் பட்ஜையும் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து, "என் அப்பா ஆசிரியர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"என் அப்பா அக்கவுண்டன்ட்" என்று நானும் சொன்னேன். அறிமுகம் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு நகர்ந்தார்.

இடியப்பம் அவருக்குப் பிடித்திருந்தது. அதைவிட எங்கள் பிரிட்ஜ் பிடித்திருந்தது. திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், என்ன விலை என்று கேட்டார். மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"உங்கள் நாட்டில் இப்போது எல்லாம் மாறுகிறதாமே. சனங்கள் கட்சியைக் கேள்வி கேட்கலாமா?"

"முதலில் பிரிட்ஜ்" என்று சிரித்தார் விருந்தாளி. "பேச்சு பிறகு."

அம்மா மாமாவின் காலை மேசைக்கடியில் மிதித்தாள். மாமா விடவில்லை. நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டி, "இது உங்கள் புரட்சியை நம்பி வாங்கியது. அங்கே நடந்ததாக நாங்கள் படித்ததெல்லாம் உண்மைதானே?" என்று கேட்டார். அப்படிக் கெஞ்சும் குரலில் மாமா பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் மாமா அத்தனை வருடம் காத்திருந்தார் என்று இன்று தோன்றுகிறது.

விருந்தாளி எழுந்தார். வாசல் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு டீவியின் சத்தத்தைக் கூட்டினார். அரபியில் ஒரு கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் கார்ட்டூனை இவ்வளவு ரசிக்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து, அவர் கேட்காமலே அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி விட்டாள். அதுவரை அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

அவர் மாமாவின் காதருகே குனிந்து நெடுநேரம் பேசினார். எனக்குக் கார்ட்டூன் பூனையின் கூச்சல்தான் கேட்டது. மாமாவின் முகம் செத்துப்போயிருந்தது.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த மாமா, என் சட்டையிலிருந்து பட்ஜைக் கழற்றினார். அந்தச் சீன மாமா என்ன சொன்னவர் என்று கேட்டேன்.

"அவரின்ரை அப்பா வாத்தியார், பிள்ளை. அவரை நடுத் தெருவிலை வைச்சு அடிச்சவையாம்."

"ஆர் அடிச்சது?"

"அவரிட்டைப் படிச்ச பொடியள்தான். எல்லாரும் இந்தப் பட்ஜ் குத்தியிருந்தவையாம்."

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் மர அடிமட்டத்தால் விரல் கணுவில் அடிப்பார். பிள்ளைகள் வாத்தியாரை அடிக்கிற நாடும் உலகத்தில் இருக்கிறதா! நான் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பகிடி விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, முதலிலிருந்து திரும்பவும் சொல்லிக் காட்டினேன்.