ஒரு தெருவுக்கு ஒரே நம்பர்

பார்சல் கொடுக்கப் போனால் கதவு திறக்க ஐந்து நிமிஷம் ஆகும். கொடுத்த பார்சலைத் திரும்ப வாங்கப் போனால் கதவு முன்கூட்டியே திறந்திருக்கும். இதுதான் எங்கள் தொழில்.

அருப்புக்கோட்டையில் பார்சல் ஏற்றிக்கொண்டு எம்.ரெட்டியபட்டி, பரளச்சி பக்கம் தினமும் பைக்கில் போய் வருகிறவன் நான். செல்போனில் நீல நிறத்தில் பார்த்து ஆர்டர் போட்டதைப் பச்சை நிறத்தில் பெற்றுக்கொண்டு வாயடைத்து நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்கள் வலி எனக்குத் தெரியும். ஏனென்றால் உங்கள் திட்டை நேரில் வாங்கியவன் நான்தான், கம்பெனிக்காரன் இல்லை.

ரெட்டியபட்டியில் ஒரு தெரு இருக்கிறது. நாற்பது வீடு. எல்லா வீட்டுக்கும் பார்சல் வரும், எல்லாம் ஒரே நம்பரில் வரும். அது தையல்காரி செல்வியின் போன் நம்பர். செல்விக்கு ஆர்டர் போடத் தெரியும், கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. ஆகவே கம்பெனியின் கணக்குப்படி, ரெட்டியபட்டியில் செல்வி என்று ஒரே ஒரு பெண் வசிக்கிறாள். அவளே வேட்டி கட்டுகிறாள், ஷேவிங் செய்கிறாள், தொட்டிலில் தூங்குகிறாள்.

ஏழில் ஒன்று

செல்வியின் எதிர்வீட்டு முத்துலட்சுமி, மகள் வளைகாப்புக்காக ஏழு பட்டுச்சேலை ஆர்டர் போட்டார். ஏழையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஆறைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கம்பெனியிலிருந்து தகவல். போனால், ஆறும் மடிப்புக் கலையாமல் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டித் தயாராக இருந்தது.

அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைகளில் தெரிந்த குடும்பம் என்றால் பத்துச் சேலையைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் சம்பந்தகாரர், நாத்தனார், கொழுந்தன் பெண்டாட்டி எல்லோரும் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிடலாம். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். அந்த நினைப்பில்தான் இதையும் செய்திருக்கிறார். “ஏழையும் எதுக்கும்மா வாங்குனீங்க?” என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“யாரு வாங்குனா? பாக்கத்தான கொண்டாரச் சொன்னோம்!”

குச்சி

அடுத்தது பாண்டியம்மா. அவர் கணவர் ஆடு மேய்க்கப் போகிறவர். சீமைக்கருவேல முள் ஏறாத செருப்பு வேண்டும். வந்த செருப்பு சின்னது, திரும்பப் போனது. அடுத்தது பெரிது, அதுவும் போனது. மூன்றாவதில் நீளம் சரி, அகலம் போதவில்லை.

மூன்றாவதை எடுக்கப் போனபோது பாண்டியம்மா பெட்டியைக் கொடுத்துவிட்டு என்னைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். செருப்புக்கு நடுவே, கால் அளவுக்கு ஒடித்த ஈர்க்குச்சி ஒன்று நூலால் கட்டியிருந்தது. சந்தையில் செருப்பு வாங்கப் போகிறவர் கையில் வீட்டிலிருந்து அளந்து கொடுத்து அனுப்பும் அதே குச்சி.

“முதத் தடவையே குச்சி வச்சுத்தான அனுப்புனேன். அதை எடுத்துப் பாக்கக்கூட அவுகளுக்கு நேரமில்லையாக்கும்?”

பத்து நாள் கெடு

ஐப்பசி பிறந்ததும் ராமசாமி ஐயா ஒரு மழைக்கோட்டு வாங்கினார். பதினைந்து ஏக்கர் மானாவாரிக்காரர். பருத்தியும் கம்பும் வானத்தை நம்பித்தான். கோட்டைப் பிரிக்காமல் கொடியில் தொங்கவிட்டிருந்தார். திரும்பக் கொடுக்கப் பத்து நாள் கெடு. ஒன்பதாம் நாள் சாயங்காலம் வரைக்கும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செல்வியிடம் சொல்லித் திருப்பிப் போட்டுவிட்டார்.

நான் போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பெனிக்காரன் என் செல்போனில் காரணப் பட்டியல் ஒன்று கொடுத்திருக்கிறான்: அளவு சரியில்லை, நிறம் வேறு, உடைந்திருந்தது, தாமதமாக வந்தது. எதைத் தொடுவது என்று தெரியாமல், “கோட்டுல என்னய்யா குறை?” என்றேன்.

“கோட்டுல ஒரு குறையும் இல்ல தம்பி. அவன் சொன்ன நாள்ல அனுப்பிட்டான். மேல இருக்குறவன்தான் அனுப்பல.”

தலைகீழ் மோட்டார்

போன மே மாதக் கடைசியில் செல்வி தனக்கென்று ஒரு பொருள் வாங்கினாள். அந்த நம்பரில் செல்வி தனக்காக வாங்கிய முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். தையல் மெஷினுக்கு மாட்டும் சின்ன மோட்டார். முழங்கால் வீங்கி, இனிப் பெடல் மிதிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலோ அறுபது பிள்ளைகளுக்கான யூனிபார்ம் துணி வெட்டிக் கிடந்தது. பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள். பிள்ளைகள் முதல் நாள் பழைய சட்டையில் போய் நின்றால், அடுத்த வருஷம் துணி டவுன் கடைக்குப் போய்விடும்.

மோட்டாரை மாட்டிச் சுவிட்சைப் போட்டால் சக்கரம் தலைகீழாகச் சுற்றியது. நூல் அறுந்தது. திருப்பி அனுப்பலாம் என்று போனை எடுத்தால், அளவுக்கு மீறித் திருப்பி அனுப்பியதால் அந்த வசதி அவளுக்கு நிறுத்தப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. அன்று வேறு வீட்டுக்குப் பார்சல் கொடுக்கப் போன என்னிடம் செல்வி போனை நீட்டினாள்.

“தெருவே திருப்பிக் குடுத்துச்சு, வாங்கிக்கிட்டாக. நான் குடுக்குறது இது ஒண்ணுதான அண்ணே?”

சபை கூடியது

கம்பெனிக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் வைத்ததும் தெருவே கூடிவிட்டது. எதிர்முனையில் ஒரு பெண், நல்ல மரியாதையாகப் பேசியது. “மேடம், ஒரே மாசத்துல உங்க கால் அளவு மூணு தடவை மாறியிருக்கே?” என்று கேட்டது. “அது எங்க வீட்டுக்காரரு காலு! குச்சி என்னாச்சுன்னு கேளு செல்வி!” என்று பாண்டியம்மா பின்னாலிருந்து கத்தினார். “ஏழு சேலையில ஆறு ஏன் திருப்பினீங்க?” என்றதற்கு, “வளைகாப்பு ஒரு பிள்ளைக்குத்தான்” என்று முத்துலட்சுமி விளக்கம் கொடுத்தார். ராமசாமி ஐயா போனுக்கு அருகில் குனிந்து, “அங்கிட்டு மழை உண்டா தாயி?” என்று விசாரித்தார்.

அந்தப் பெண் மழையை விட்டுவிட்டுக் கணக்குக்கு வந்தது. பிறகு, “மேடம், உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேர்?” என்று கேட்டது. செல்வி சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, “நாப்பது வீடு மேடம்” என்றாள். நாற்பது வீடும் தலையாட்டியது.

“சாரி மேடம், எங்க சிஸ்டத்துல ஒரு தெருவை வாடிக்கையாளராப் போட வழியில்லைங்க. மேலிடத்துக்கு எழுதி வைக்கிறேன்.”

இரண்டு ஒயர்

மேலிடம் பதில் சொல்வதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். மோட்டாரைப் பைக்கில் வைத்து அருப்புக்கோட்டையில் ஒரு வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கிணற்று மோட்டார், தறி மோட்டார் என்று காலமெல்லாம் செம்புக்கம்பி சுற்றியவர் அந்த மெக்கானிக். நான் செல்வியின் முழங்காலில் தொடங்கி மேலிடம் வரைக்கும் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் மூடியைக் கழற்றி, இரண்டு ஒயரை இடம் மாற்றி, சுவிட்சைப் போட்டுக் காட்டிவிட்டார். மோட்டார் ஒழுங்காகச் சுற்றியது.

“மோட்டாரு தங்கமான மோட்டாருப்பா. கம்பெனியில ஒயர மாட்டுனவன்தான் அங்கிட்டுத் திரும்பி யாருகூடயோ பேசிக்கிட்டே மாட்டியிருக்கான்.”

மேலிடத்துக் கருணை

அன்று மாலையே மெஷின் ஓடியது. காஜா எடுக்க முத்துலட்சுமி, பட்டன் தைக்கப் பாண்டியம்மா என்று வாசலில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடம் திறந்த காலையில் அறுபது பிள்ளைகளும் புதுச் சட்டையில் போனார்கள்.

அதற்கு நாலாம் நாள் என் செல்போனில் ஓர் உத்தரவு: வாடிக்கையாளர் செல்வியின் வேண்டுகோள் சிறப்பு அனுமதியின் பேரில் ஏற்கப்பட்டது, மோட்டாரைத் திரும்பப் பெற்று வரவும். போனேன். கதவு திறந்துதான் இருந்தது. செல்வி பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மோட்டாரை நிறுத்தாமலே, “ஓடுற மோட்டார எதுக்குண்ணே குடுக்கணும்?” என்றாள். வெறுங்கையோடு போனால் நான் காரணம் எழுத வேண்டும், என்ன எழுதுவது என்று கேட்டேன். அப்போதுதான் மோட்டாரை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்.

“அவுக ரொம்பத் தடவை திருப்பி வாங்கிட்டாக. இனிமே அவுகளுக்கு அந்த வசதி கிடையாதுன்னு போட்டுக்கோங்க.”

கம்பெனியின் பட்டியலில் எல்லாக் காரணத்துக்கும் இடமிருந்து இதற்கு மட்டும் இல்லாததால், ‘கதவு பூட்டியிருந்தது’ என்று பதிந்துவிட்டு, திறந்திருந்த கதவு வழியாக வெளியே வந்தேன்.