இலவசத் தண்ணீர்

சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸ் தோசைக் கடைகளுக்குள் உடம்பைப் பிடித்த கால்சட்டையோடு நுழைந்து, தாங்கள் ஏறிய மேட்டைப் பற்றி ஊருக்கே கேட்கும்படி பேசி, நாற்காலியில் வியர்வை ஈரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிற கூட்டத்தைச் சொல்கிறேன். எட்டு வருடம் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். அதனால் இந்தக் குமட்டலில் பாதி என் மேல்தான்.

உலு லங்காட்டைத் தாண்டி மலைப்பக்கம் போகும் ஒரு பாதையை எங்கள் குழுவுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான். கண்டுபிடித்தேன் என்று சொல்வதே கொழுப்பு. அங்கே ஆட்கள் காலங்காலமாகக் குடியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் குழுவில் அப்படித்தான் பேசிக்கொள்வோம். காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு விடியும் முன் போய் அடிவாரத்தில் இறக்கிவிட்டால், டுரியான் தோட்டங்களுக்கு நடுவே முக்கால் மணி நேர ஏற்றம். இரண்டு பக்கமும் மூங்கில் சாய்ந்து கிடக்கும். லோரி கிடையாது, பஸ் கிடையாது, மூச்சிரைப்பது மட்டும் காதில் கேட்கும். உச்சியைத் தாண்டி இறங்கினால் மரங்களுக்கு இடையில் அணைக்கட்டின் ஏரி தெரியும். ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு கம்பம், சின்னக் கிராமம். அதன் கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை, கடைக்குப் பின்னால் வீடு.

முதல் தடவை நான் தனியாகப் போனபோது என் புட்டி இரண்டும் காலி. கடையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றை இலையில் மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

புட்டியை வாங்கிக் கழுவினார். ஆறவைத்த வெந்நீரைக் கெண்டியிலிருந்து ஊற்றினார். நான் பர்ஸை எடுத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"தண்ணிக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா தம்பி? தண்ணின்னு கேட்டு வந்தவங்களுக்கு நான் இதுவரைக்கும் இல்லைன்னு சொன்னதில்ல."

உள்ளே கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். இனிப்பு நீர் வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு காலில் ஆறாத புண். தினமும் காலையில் தண்ணீரைக் காய்ச்சி அக்காதான் கழுவிக் கட்டுவார். கணவர் சன்னல் வழியாக என் சைக்கிளைப் பார்த்து, "எவ்ளோ வெயிட்டு?" என்று கேட்டார். ஒரு விரலால் தூக்கிக் காட்டினேன். சிரித்தார்.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. அன்று மாலையே சைக்கிள்காரர்கள் எல்லாரும் பார்க்கும் கைத்தொலைபேசி வரைபடத்தில் அந்தப் பாதையை ஏற்றினேன். கடை இருக்கும் இடத்தில் ஒரு நீலப் புள்ளி வைத்து, 'இலவசத் தண்ணீர்' என்று எழுதினேன். ஒரு பெண்மணியின் நல்ல மனத்தைப் பொதுக் குழாயாக ஆக்குகிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ராத்திரிக்குள் அறுபது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு எங்கள் குழுவிலிருந்து இருபது பேர் வாராவாரம் போக ஆரம்பித்தோம். காஜாங்கிலிருந்து ஒரு குழு, கிள்ளானிலிருந்து ஒரு குழு என்று மற்றவர்களும் வந்தார்கள். பாதிப் பேர் சாப்பிடக்கூட மாட்டார்கள். சக்திக்கு என்று பசைமாதிரி ஏதோ ஒன்றைப் பையிலிருந்து உறிஞ்சிவிட்டு, உறையை அக்காவின் பூச்சட்டியில் செருகிவிட்டு, தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கெண்டியில் ஊற்றிக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல், அக்கா பின்பக்கக் குழாயைக் காட்டிவிட்டார். குழாய் என்றதும் தலையில் ஊற்றிக்கொண்டார்கள், சைக்கிள் சங்கிலியைக் கழுவினார்கள். பாத்திரம் தேய்க்கும் இடத்தில் ஒருவர் தொண்டையைக் காறிக் கொப்பளித்துத் துப்பினார். அந்த மஞ்சள் சளி தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தைய ராத்திரி நல்ல மழை. ஏறும்போது வழியில் நின்று மூங்கில் காட்டுக்குள் ஒதுங்கியதில் பல பேர் காலில் அட்டை ஏறிவிட்டது. எங்கள் குழுத் தலைவர் ஒரு டாக்டர். சொந்த கிளினிக் வைத்திருக்கிறார். அவர் கடைக்கு வந்து காலுறையைக் கழற்றியபோது கணுக்காலிலிருந்து ரத்தம் நிற்காமல் ஒழுகியது. பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தார். வரவில்லை. பக்கத்தில் மூடி போட்ட நீலப் பீப்பாய் ஒன்று இருந்தது. மூடியை எடுத்தார். பாதத்தைத் தூக்கிப் பீப்பாயின் விளிம்பில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் மக்கால் மோந்து மோந்து ஊற்றினார். சேறும் ரத்தமும் கலந்த தண்ணீர் திரும்பப் பீப்பாய்க்குள்ளேயே விழுந்தது. அப்புறம் காலுறையை உள்ளே முக்கிப் பிழிந்தார். செத்த அட்டை ஒன்று மேலே மிதந்து வந்தது.

நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். வாயில் கொழுக்கட்டையை வைத்திருந்த மாதிரி நின்றேன். அடுத்த மாதம் லங்காவித் தீவு சைக்கிள் பயணத்துக்கு யார் யார் என்று அவர்தான் பெயர் எழுதப்போகிறார். அதற்காகத்தான் பேசவில்லை. இதை எழுதும்போதே கூசுகிறது.

அக்கா தட்டோடு வந்தார். பீப்பாயைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ டாக்டர்! அது அவருக்குப் புண்ணு கழுவறதுக்கு வச்சிருக்கிற தண்ணி. சமையலுக்கும் அதுதான். வேற இல்ல."

டாக்டர் ஏரியைக் கைகாட்டிச் சிரித்தார். "என்ன அக்கா, இவ்ளோ பெரிய லேக்க பக்கத்துல வச்சிக்கிட்டு தண்ணி இல்லங்கிறீங்க?"

"அந்தத் தண்ணி உங்க ஊருக்குத்தான் போவுது டாக்டர். எங்க பைப்புல வியாழக்கிழமையில இருந்து காத்துதான் வருது."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா நன்றாக ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். "சோரி லா அக்கா," என்றார் டாக்டர். பிறகு எல்லாருக்கும் தேநீர் கேட்டார். கெண்டியில் மிச்சமிருந்ததை வைத்து அக்கா போட்டார். ஏழு கிளாஸ்தான் வந்தது. அதில் ஒன்றை நான் குடித்தேன்.

கிளம்பும் முன் ஏரியைப் பின்னால் வைத்து வழக்கம்போலப் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. பத்தொன்பது பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நானும்தான். ஓரத்தில், என் தோளுக்குப் பின்னால், அக்கா ஒற்றை ஆளாக அந்தப் பீப்பாயைச் சாக்கடைப் பக்கம் சாய்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குளியலறைக்குப் போய்க் காலையில் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தேன். வாய் கொப்பளிக்கக் குழாயைத் திறந்தேன். எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் வேகமாக வந்தது.

நீலப் புள்ளியை அன்றே அழித்தேன். குழுவிலிருந்தும் விலகினேன். ஏன் என்று கேட்ட டாக்டரிடம் முழங்கால் வலி என்று சொன்னேன். அங்கேயும் பொய்தான்.

அடுத்த ஞாயிறு சைக்கிளை எடுக்கவில்லை. பெரிய புட்டிகளில் குடிநீர் வாங்கி, காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா கடையில் தனியாக இருந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தேன்.

"புதன்கிழமையே தண்ணி வந்திருச்சி தம்பி," என்றார்.

"வச்சிக்கோங்க அக்கா. அன்னைக்கு நான் தட்டிக் கேட்டிருக்கணும். பேசாம நின்னுட்டேன்."

"ஆமா. பார்த்தேன்." வாழையிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு அவருக்குப் புண்ணு கழுவல. மறுநாள் பக்கத்துக் கம்பத்துல இருந்து மோட்டார் சைக்கிள்ல தண்ணி கொண்டாந்தாங்க. அதுக்குள்ள நாத்தம் வந்திருச்சி."

அப்போது ஒரு சீனக் கிழவர் சைக்கிளில் வந்து இறங்கினார். தனி ஆள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. புட்டியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, தன் தொலைபேசியையும் காட்டினார். நான் அழித்த புள்ளி அவரிடம் இருந்தது. யாரோ பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அக்கா அவரைப் பார்த்தார். காலடியில் புட்டிகள் வரிசையாக நின்றன. பின்பக்கம் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும் சத்தம் எங்கள் மூன்று பேருக்குமே கேட்டது.

"ஆயர் தாக் அடா, அங்கிள்," என்றார். தண்ணீர் இல்லை.

கிழவர் கோபப்படவில்லை. புட்டிகளைப் பார்த்தார், தலையாட்டினார், நன்றி சொன்னார். சைக்கிளைத் திருப்பி ஏற்றத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இதெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிருங்க தம்பி. நீங்களும் இனிமே வராதீங்க."

எல்லாவற்றையும் மறுபடியும் காரில் ஏற்றினேன். சன்னலில் அவருடைய கணவர் தெரிந்தார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

பாதி மேட்டில் கிழவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். காரை நிறுத்தி அவருடைய புட்டியை நிரப்பினேன். ஒரே மூச்சில் குடித்தார். மறுபடியும் நிரப்பினேன். கீழே கடையைக் கைகாட்டி, அந்த அம்மாவுக்கு மனசே இல்லை என்று மலாய் மொழியில் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"யூ வெரி குட் ஹார்ட், பாஸ்."

அந்த அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டு காரில் ஏறினேன்.